தியானக்காரர்களுக்குச் சோறாக்கியவள்

அறுபத்துநாலில் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு முந்தைய வருடம் சுமியே எங்கள் ஊர் மேட்டுக்கோயிலுக்கு மருமகளாக வந்தாள். நான் அடிவாரத்தில் டோஃபு கடைக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது இரண்டு வருடம். தினமும் காலையில் வாளியோடு மேலே ஏறுகிறவள் என்பதால் அவளிடம் முதலில் பேசியது நான்தான்.

அவள் நாகசாகிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கியோத்தோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, குடல்வால் அறுவைக்காகப் படுத்திருந்த கெய்டோ என்கிற இளம் ஸென் பூசாரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. "கோயில்காரனைக் கட்டிக்கிட்டவ எங்களுக்குச் செத்தவ" என்று அவள் அப்பா எழுதிவிட்டார். இங்கே வந்த மூன்றாம் நாள் மாமியார் அவளுடைய ஜெபமாலையை எடுத்து, குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில் எறிந்தாள். கெய்டோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"மணியும் நூலும்தானே, அதுல என்ன இருக்குன்னாரு. அதே மாதிரி மணிமாலையைக் கையில சுத்திக்கிட்டே சொன்னாரு."

பத்து வருடம் கழித்து மாமியார் போய்ச் சேர்ந்தாள். கெய்டோ சாமிக்கு வெளியூரில் பெயர் வந்தது. அக்டோபரில் ஒரு வாரம் வெளிநாட்டுப் பாதிரிமார்களும் கன்னியாஸ்திரீகளும் கோயிலுக்கு வந்து தியானம் பழகத் தொடங்கினார்கள். ஒரு வருடம் துருக்கியிலிருந்து ஒரு சூஃபிப் பெரியவர்கூட வந்தார். பகலில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள், மாலையில் பேசுவார்கள். இந்தியாவின் தியானம்தான் சீனாவில் ‘சான்’ ஆகி இங்கே ‘ஸென்’ ஆயிற்று, சிலுவைக்காரர்களின் மௌன ஜெபமும் இதுவும் ஒரே ஊற்று, பெயர்கள்தான் வேறு என்று சாமி சொல்லுவார். மார்பில் சிலுவை தொங்க அவர்கள் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

முப்பது பேருக்கு விடியலில் கஞ்சி, மதியம் சோறும் மிசோ சாறும், இரவு மிச்சத்தைப் போட்டு ஒரு கூழ். அத்தனையும் சுமியே. நான் ஒத்தாசைக்குப் போவேன்.

ஒரு வருடம் பிரெஞ்சுக்கார சிஸ்டர் ஒருத்தி வந்திருந்தாள். சுமியே வயதுதான். அவள் மண்டபத்துக்குள் போவதைப் பார்த்துவிட்டு சுமியே புருஷனிடம் கேட்டாள். நான் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தேன்.

"நானும் ஒரு வேளை உக்காரட்டுமா?"

"நீ உக்காந்தா கஞ்சியை யார் பாக்கறது?"

"ஒரே ஒரு வேளைதான்."

"உனக்கு எதுக்கும்மா? நீ செய்யறதே பெரிய தவம்" என்று சொல்லிக்கொண்டே சாமி முள்ளங்கி ஊறுகாயில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

பெல்ஜியத்திலிருந்து வந்து முப்பது வருடமாக ஜப்பானில் இருந்த ஃபாதர் வூட்டரும் இப்படித்தான். நம் பேச்சு நம்மைவிட நன்றாகப் பேசுவார். ஒருநாள் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, நீங்க முள்ளங்கி நறுக்கறதே தியானம்" என்றார்.

"அப்ப நீங்க வந்து நறுக்குங்க ஃபாதர். நான் போய் உங்க இடத்துல சும்மா உக்காந்திருக்கேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலைக் கூட்டத்தில் அதை ஞானம் அடைந்த ஒரு பெண்ணின் பதில் என்று எல்லோருக்கும் சொன்னாராம். கைதட்டினார்களாம். சுமியே பானை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. உங்களுக்குப் பின் கோயிலை ஏற்க ஒரு சீடனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னாளில் என்னை அவன் பார்த்துக்கொள்வான் என்று சுமியே வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பாள். "நாளையை நெனைக்கறதுதான் பற்று" என்பார் சாமி. ஒரு நவம்பர் காலையில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு விழுந்தார். அதோடு சரி.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், கோயில் கமிட்டித் தலைவர் குராமோச்சி வந்தார். தலைமை மடம் புதுச் சாமியை நியமித்திருந்தது. அவருக்கு மனைவி, இரண்டு குழந்தைகள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கோயில் வீடு கோயிலோடது. மார்ச் மாசத்துக்குள்ள..."

"முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கேன்."

"யாரு இல்லேன்னது? ஆனா மடத்துச் சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"எனக்குப் போக்கிடம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் மூணு மாசம் வாங்கிக் கொடுத்தேன். மடத்துல ஒரு மாசம்தான்னாங்க."

கமிட்டியிடம் ஒரு வார்த்தை பேசும்படி அவள் ஃபாதர் வூட்டருக்குக் கடிதம் எழுதினாள். அவர் சொன்னால் கேட்பார்கள். பதிலாக ஓர் அட்டை வந்தது. அழகான கையெழுத்து. 'விட்டுவிடுவதே கெய்டோ நமக்குக் கற்றுத் தந்தது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு ஃபுகுயி நகரத்து மாதா கோயிலுக்குப் போனாள். வாசலில் இருந்த அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தாள். சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்றவள், முப்பது வருடமாக ஸென் கோயிலில் இருந்தேன் என்றாள் சுமியே.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் கோயிலா! எங்க ஃபாதர்கூட அங்க வந்து தியானம் பண்ணியிருக்காரு. ரெண்டு பக்கமும் கெடைச்சிருக்கு. கொடுத்து வெச்சவங்க நீங்க!"

சுமியே உள்ளே போகவில்லை. "வா, பஸ் போயிடும்" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச்சில் நகராட்சிக் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்டோபர் நெருங்கியதும் குராமோச்சி அங்கேயும் வந்துவிட்டார். புதுச் சாமியின் மனைவிக்கு முப்பது பேருக்குச் சமைத்துப் பழக்கமில்லையாம்.

"வரேன்" என்றாள் சுமியே.

முதல் நாள் காலையில் நான் அடுக்களையில் காத்திருந்தேன். வரவில்லை. மண்டபத்தை எட்டிப் பார்த்தால், கடைசித் திண்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். புதுச் சாமிக்கு அவளை எழுப்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து மணி அடித்தது. அடுப்பே மூட்டவில்லை.

ஃபாதர் வூட்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "அம்மா! கடைசியில உக்காந்துட்டீங்க! எப்படி இருந்துது?"

"கால் மரத்துப் போச்சு ஃபாதர். வேற ஒண்ணும் வரலை." அவள் எழுந்து நிற்கத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்காகவா என்னை அத்தனை வருஷம் வெளியில நிறுத்தி வெச்சீங்க?"

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று அவர்கள் ஸ்டேஷன் கடையிலிருந்து பொட்டலச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். உட்காரவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. வேலை விட்டு வந்தால் தொலைக்காட்சியில் சுமோ பார்ப்பாள், தோற்கிறவனைத் திட்டுவாள். சில நாள் என்னிடமும் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் பேசவில்லை.

கணையத்தில் புற்று வந்தது. சாமிமார்களின் கல்லறை வரிசையில் மனைவிகளுக்கு இடம் கிடையாது. ஓரமாக ஒரு கல் வைக்கலாம் என்று கமிட்டி சொல்லி அனுப்பியது. வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சாம்பலை, நாதியற்றவர்களுக்கென்று நகராட்சி கட்டிவைத்த பொது அறையில் சேர்த்தோம். யாரும் மந்திரம் ஓதவில்லை. அப்படித்தான் கேட்டிருந்தாள்.

மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது குராமோச்சி சொன்னார்: "நல்ல அம்மா. ஆனா மனசுல கசப்பை வெச்சுக்கிட்டே போயிட்டாங்க."

"வெச்சது நாமதான்" என்றேன். "நானும் சேத்திதான். அத்தனை வருஷமும் பக்கத்துலதான் நின்னேன்."

பஸ் வந்ததும் அவர் குடையை மடக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிவிட்டார்.