யாரும் கால் வைக்காத கிரவுண்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபுட்பால் கிளப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். துக்கம் அதற்கப்புறம்தான். கினிகத்தேனையில் நான் வேலை பார்க்கும் சாமான் கடைக்குப் பழைய ஆட்கள் சிலர் வருவார்கள். "அண்ணே, நம்ம டீம் மட்டும் இப்ப இருந்திருந்தா..." என்று இழுப்பார்கள். "இருந்திருந்தா என்னா? இருக்க விட்டமா நம்ம?" என்று கேட்டுவிட்டு நான் பருப்பு நிறுக்கப் போய்விடுவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. ஆசையாகப் பேச வருகிறவர்கள் மேல் வள்ளென்று விழுகிறேன் என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

கொட்டகலைக் கடைவீதியைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறினால், ஃபெக்டரிக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் கிரவுண்ட். சமதரை என்று நாங்கள்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஆற்றுப் பக்கத்து மூலை நன்றாகச் சரிந்திருக்கும். வெளித் தோட்டத்து டீம்கள் அந்தப் பக்கம் பந்தை விட்டால் பந்தோடு ஆளும் சேர்ந்து உருளுவான். மலைச்சரிவை வெட்டி அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் எங்கள் அப்பாமார். பகலெல்லாம் கம்பெனிக்கு மம்பட்டி பிடித்துவிட்டு, பொழுது சாய வந்து தங்களுக்காகப் பிடித்தார்களாம். என் அப்பாவுக்குப் பந்தை உதைக்கவே தெரியாது. ஆனாலும் நான் முதன்முதலில் கோல்கீப்பராக நின்ற அன்று, வேலைக்குப் போன சட்டையோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "விட்றாதடா, விட்றாதடா" என்று கத்திக் கத்தியே என் கவனத்தைக் கெடுத்தார். வரிசையாகக் கோல் விழுந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் நன்றாக ஆடியதாகச் சொன்னார்.

பிற்பகல் ஆனால் பனிமூட்டம் இறங்கிவிடும். எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் எனக்குத் தெரியாது. முன்னால் ஆடுகிறவர்கள் விசிலடித்துக்கொண்டே ஓடுவார்கள். "பந்து யாருகிட்டடா?" என்று கத்துவேன். "தெரியாதுண்ணே!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வரும். அடேயப்பா, அந்த ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தோட்டத்தில் இரண்டு பிரிவு. மேட்டில் இருந்த வரிசை வீட்டு லயங்களை மேல்கணக்கு என்போம், ஆற்றோரத்து லயங்களைப் பணியகணக்கு என்போம். தண்ணீர்க் குழாயிலிருந்து தேர் போகும் பாதை வரைக்கும் இந்த இரண்டுக்கும் எப்போதும் இழுபறிதான். பந்து விஷயத்தில் மட்டும் ஒரே டீம். கெப்டன் என்னைப் போல மேல்கணக்குக்காரர், என்னைவிட மூத்தவர், மூக்குக்கு மேல் கோபம். கோல் அடிக்கிறவன் பணியகணக்குப் பையன். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண் எடுத்ததிலிருந்து அவனுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயராகிவிட்டது. மேட்ச் அன்று காலையில் நாங்கள் அம்மன் கோயிலில் தேங்காய் உடைப்போம். மாப்பிள்ளையும் பணியகணக்கில் அநேகமாக எல்லாரும் வேதக்காரர்கள். அவர்கள் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார்கள். பிறகு எல்லாரும் ஒரே கொழுந்து லொறியில் ஏறிப் போவோம்.

அந்தக் கிரவுண்ட் எங்களுடையது என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் கிடையாது. கம்பெனி நிலம். மேனேஜராக வந்த துரைமார் ஒவ்வொருவருக்கும் அதன்மேல் ஒரு கண்தான். ஒவ்வொரு முறையும் எங்கள் கண்டாக்கையா, அதாவது மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர், "ஆளுங்க வெளாடுற எடம்ங்க" என்று சொல்லிச் சமாளிப்பார். ஆடுகிற வரைக்கும் இருக்கட்டும், சும்மா கிடந்தால் எதையாவது நட்டுவிடு என்பது துரைமார் வாயால் சொல்லிவைத்த சட்டம். அதனால் மழையோ வெயிலோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரவுண்டில் பந்து உருள வேண்டும். ஆள் சேராத நாட்களில் கல்யாணம் கட்டிய கிழங்கள் கூட இறங்கி உதைத்துவிட்டு, மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். இப்படித்தான் இரண்டு தலைமுறை அந்த நிலத்தைக் காப்பாற்றியது.

பிறகு அந்த ஃபைனல் வந்தது. வட்டகொடைப் பக்கம், மாப்பிள்ளை பெண் எடுத்த அதே தோட்டத்தோடு. அவர்களுடைய கோல்கீப்பர் அவன் மனைவியின் தம்பி. காலையிலேயே கேலி ஆரம்பமாகிவிட்டது. "மாமியா வீட்டுக்கு வெறுங்கையோட வாறியேடா, பிஸ்கட்டாவது வாங்குனியா?" என்று லொறி முழுக்கச் சிரிப்பு. மத்தியானம் மாமியார் வீட்டில் அவனைக் கூப்பிட்டுக் கோழிக் குழம்போடு சோறு போட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா? போனான், சாப்பிட்டான், வந்தான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. சமமாக நிற்கிறோம், எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. கெப்டன் அடிக்கப் போனார். மாப்பிள்ளை பந்தை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் அடிக்கிறேண்ணே" என்றான். அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய்த் தேயிலைக்குள் விழுந்தது. அடுத்த நிமிஷமே அவர்கள் கோல் போட்டுக் கப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றக் கோலில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லொறியில் திரும்பி வரும்போது, கொட்டகலை தாண்டியதும் கெப்டன் வாயைத் திறந்தார். "மத்தியானம் கோழிக் கொழம்ப தின்னுட்டு வந்தா பந்து கோலுக்குள்ளயா போகும்? மச்சினன் தோக்கக் கூடாதுன்னு வானத்துக்கு அடிச்சிருக்கான்."

"என்னாண்ணே சொல்றீங்க? வேணும்னு அடிச்சேன்னா?"

"வேணும்னுதான்!"

கோபத்தில் வந்த பேச்சு, விடிந்தால் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மறுநாள் மேல்கணக்கு முழுக்க அதே பேச்சு. இரண்டே நாளில், மாப்பிள்ளை அம்மன் கோயிலுக்கு வந்து கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று கெப்டன் பிடித்த பிடியில் நின்றார். பொய் சொன்னால் குடும்பம் இப்படி அணைந்து போகட்டும் என்று அர்த்தம். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

மாப்பிள்ளை கோயில் வாசலில் வந்து நின்று, "நான் வேதக்காரண்ணே. பைபிள்ல கை வச்சு சொல்றேன், கால் வழுக்கித்தான் போச்சு. அத நம்புங்க" என்றான்.

"பைபிள் ஒங்களுக்கு. எங்களுக்கு அம்மா முன்னால சொல்லணும்" என்றார் கெப்டன்.

அவ்வளவுதான். பணியகணக்கு கொதித்துவிட்டது. எங்கள் பைபிள் பொய்யா என்று கேட்டார்கள். கெப்டன் மாதா கோயில் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை உங்களோடு ஆட மாட்டோம் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பந்துக்குப் பதில் கல் பறந்தது. ஒருவனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. பயந்துபோன இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். விஷயம் தீருகிற வரைக்கும் எந்தக் கணக்கு ஆளும் கிரவுண்டில் கால் வைக்கக் கூடாது. அதற்கும் சத்தியம். நாங்கள் கற்பூரம் அணைத்தோம், அவர்கள் பைபிளில் கை வைத்தார்கள். இதற்கு மட்டும் ஒருவர் சத்தியத்தை ஒருவர் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டோம். ஒரு பையனின் பேச்சை நம்ப அந்தப் பைபிள் போதவில்லை, கிரவுண்டை மூடப் போதுமாக இருந்தது. இதை அன்றைக்கு ஒருத்தனும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் எங்கள் தோட்டத்து ஆட்கள் அப்படியொன்றும் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சம்பளத்துக்குச் சம்பளம் சத்தியம் பண்ணுகிறவர்கள்தான். இந்தச் சத்தியத்தை மட்டும் உயிராகக் காப்பாற்றினார்கள். கிரவுண்டுக்குக் குறுக்கே ஃபெக்டரிக்குப் போகிற பாதையை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாடு உள்ளே போய்விட்டால் ஓரத்தில் நின்று 'பா, பா' என்று கெஞ்சுவார்கள், இறங்க மாட்டார்கள். மழைக்காலம் முடிந்தபோது புல் முழங்கால் அளவு வளர்ந்து நின்றது.

அடுத்த வருஷம் புது துரை வந்தார். ஒருநாள் கண்டாக்கையா என்னையும் கெப்டனையும் மாப்பிள்ளையையும் ஃபெக்டரி வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். "அடேய், தொர கேட்டுட்டாரு. இம்புட்டு புல்லு நிக்குதே, இதுல யாரு ஆடுறாங்கன்னு கேக்குறாரு. வெறகுக்கு டர்பன்டைன் மரம் வைக்கணுமாம். வர்ற ஞாயித்துக்கெழமை அவர இந்தப் பக்கம் கூட்டிட்டு வாறேன். நல்லா ஆடணும்னு இல்ல. பந்தப் போட்டு ஒதச்சிக்கிட்டு நின்னாப் போதும், மிச்சத்த நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் பங்குக்கு அந்த மனுஷன் செய்ய வேண்டியதைச் செய்தார்.

அன்று சாயந்தரமே பெரியவர்கள் கூடினார்கள். மேல்கணக்கு சொன்னது: முதலில் அவன் கற்பூரம் அணைக்கட்டும். பணியகணக்கு சொன்னது: முதலில் அவர் மன்னிப்புக் கேட்கட்டும். எனக்குத் தலை சுற்றியது. "கிரவுண்டே போகப் போகுதுடா! அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஒங்களுக்கு அறிவு இருந்தா நீங்க எறங்குங்கண்ணே, நாங்க பின்னால வாறோம்" என்றான் ஒருவன்.

வீட்டில் எனக்குக் கைக்குழந்தை. கற்பூரத்தை அணைத்தது இந்தக் கை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அப்படியொரு வெயிலை அந்த மாதத்தில் பார்த்ததில்லை. ஆடுவதற்கென்றே செய்த நாள். மேல்கணக்குப் பையன்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோயில் பக்கத்து ஓரத்தில் வந்து நின்றார்கள். பணியகணக்குப் பையன்கள் ஆற்றுப் பக்கத்து ஓரத்தில் வந்து நின்றார்கள். யாரோ ஒருவன் பந்தையும் கொண்டுவந்திருந்தான். இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றதுதான் மிச்சம். துரையின் ஜீப் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, காலியாகக் கிடந்த புல்லையும் அதைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார். கண்டாக்கையாவிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார். கண்டாக்கையா தலையைக் குனிந்துகொண்டார். ஜீப் போய்விட்டது. நாங்கள் இருட்டும்வரை அங்கேயே நின்றோம்.

அடுத்த வாரம் காலைப் பெரட்டில் வேலை பிரித்தபோது இரண்டு கணக்கிலும் ஆண்களின் பெயரைக் கூப்பிட்டார்கள். கிரவுண்டில் மரம் வைக்கக் குழி வெட்டு. முக்கால்வாசி டீம் அதில் இருந்தது. எல்லாரும் மம்பட்டியும் அலவாங்கு என்கிற கடப்பாரையுமாக ஓரத்தில் போய் நின்றோம். அப்போதும் ஒருத்தனும் இறங்கவில்லை. கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். "வெளாடத்தான் சத்தியம். வேலைக்கு எறங்குனா குத்தமில்ல" என்றார் அவர்.

"அத போன ஞாயித்துக்கெழமை வந்து சொல்லியிருக்கலாமே சாமி?" என்று கேட்டேன்.

"யாரு என்னையக் கேட்டீங்க?" என்று சொல்லி, எனக்குத் திருநீறு பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இறங்கினோம். சாமிக்குப் பயந்து ஆடாத இரண்டு கணக்கு ஆட்களும், வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்களே என்று பயந்து இறங்கினோம். குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்த இடத்திலெல்லாம் குழி வெட்ட வேண்டும். நான் வழக்கமாக நிற்கும் கோல் வாசலிலேயே எனக்கு வரிசை விழுந்தது. அங்கே மண் கல்லாக இறுகிக் கிடந்தது. மிதித்து மிதித்து இறுக்கியவனே நான்தான். அலவாங்கைப் போடும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வந்து, நல்ல வேளை மனுஷன் இதைப் பார்க்க உயிரோடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து வரிசை கெப்டனுக்கு. அதற்கடுத்தது மாப்பிள்ளைக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், கை எட்டும் தூரத்தில் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி நேரம் வரை வெட்டினோம். திடீரென்று கெப்டன் மம்பட்டியை நட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒனக்கு அன்னைக்கு ஊனுன கால் வழுக்கிருச்சிடா" என்றார். "சேத்துல கோடு போட்ட மாதிரி இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒனக்கு நேரா பின்னாலதான் நின்னேன். லொறியில ஏதோ கோவத்துல வாய விட்டுட்டேன். அப்புறம் எல்லாரும் அதையே புடிச்சிக்கிட்டானுங்க. எனக்கு எறங்கி வர முடியல."

மாப்பிள்ளை குழிக்குள் நின்றபடி அவரை அண்ணாந்து பார்த்தான். அவன் சண்டைக்கு வருவான் என்று நான் அலவாங்கைக் கீழே போட்டேன். அவன் குரல் உயரவே இல்லை.

"பாத்தீங்களா? பாத்துட்டாண்ணே என்னைய சத்தியம் பண்ணச் சொன்னீங்க?"

மாப்பிள்ளை குழியிலிருந்து ஏறி, மம்பட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டு, அடுத்த குச்சிக்குப் போய் வெட்ட ஆரம்பித்தான்.