உறவுமுறை முரண்

எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. மேலே வேலாயுதம், கீழே சின்னத்தம்பி. வேலாயுதம் என்பது நான். ஆனால் அந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் என் மகனுக்கானவை. எனக்கு வருபவை என் அப்பா சின்னத்தம்பியின் பெயருக்கு வருகின்றன. இந்த நாட்டில் ஆளைக் கடைசிப் பெயரால்தான் அழைப்பார்கள். நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லாததால் தகப்பன் பெயரைப் போட்டு அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுகிறோம். பல் வைத்தியரிடம் போனால் தாதி "மிஸ்டர் சின்னத்தம்பி" என்று கூப்பிடுகிறாள். மட்டக்களப்பில் எங்கள் ஊரான வவுணதீவை விட்டு வெளிக்கிட நேர்ந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர், இறந்து நாற்பது வருடத்துக்கு மேல், எழுந்து உள்ளே போய் வாயைத் திறக்கிறார்.

இது எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. இங்குள்ளவர்களைப் பற்றிக் குறை சொல்லப்போகிறேன். எழுத்தில் பெயர் போடுவதன் விளைவு முப்பத்தைந்து வருடம் அரச உத்தியோகம் பார்த்தவனுக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில் கடைசிப் பதினெட்டு வருடம் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்த ஒப்பத்துக்கு எந்த முத்திரை என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்று, மனைவியும் போனபின், மகன் கூப்பிட்டான் என்று இங்கே வந்தேன். வந்து ஏழு வருடமாகிறது.

என் தம்பி பூபாலனின் மகள் தர்சிகா இரசாயனவியல் படித்தவள். பூபாலன் வவுணதீவில் வயல் செய்தான். சிறுநீரகம் பழுதாகி, அவள் உயர்தரம் படிக்கும்போதே போய்விட்டான். வயல் வட்டையில் பூச்சிக்கு அடிக்கும் மருந்து வாய்க்காலுக்கு வந்து, வாய்க்கால் வாவிக்கு வருகிறது. அதைத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்தாள். வாவிக்கரையில் ஒதுக்கிக் கொட்டும் இறால் கோதைச் சேர்த்து, காயவைத்து, பொடியாக்கி, அமிலத்தில் ஊறவைத்து, என்னென்னவோ செய்து ஒரு தூள் எடுத்தாள். வயல் தண்ணீரில் அதைப் போட்டால் மருந்தின் மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். இளம் ஆய்வாளர்களுக்கான சர்வதேச இரசாயன மாநாட்டில் அதைப் போஸ்டராக வைத்து விளக்கும்படி அவளுக்கு அழைப்பு வந்தது. மாநாடு நடந்தது நான் இருக்கும் இதே நகரத்தில். இங்குள்ள ஒரு பேராசிரியர், போஸ்டருக்கு முன்னால் அவளைச் சந்தித்துப் பேசிய பிறகு, தன் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் படிப்புக்கு இடம் தருவது பற்றி முடிவு செய்வதாக எழுதியிருந்தார். அவள் வருவதற்கு இதுதான் காரணம். வேறு வழியும் அவளுக்கு இல்லை.

விசா விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பெரியப்பா, ஹோட்டல் எண்டு போட்டா லேசாமே. எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்களாம்."

"நான் இஞ்ச இருக்கக்க நீ என்னத்துக்கு ஹோட்டல்ல நிக்கிற மகள்? உள்ளத உள்ளபடி எழுது. மிச்சத்த நான் எழுதுறன்."

எழுதினேன். மூன்று பந்தியில் ஒரு பொறுப்புக் கடிதம். முதற்பந்தியில், விண்ணப்பதாரி காலஞ்சென்ற என் சகோதரரின் புத்திரி என்று முறையாகவே குறிப்பிட்டேன். மூன்றாம் பந்திக்கு வரும்போது எனக்குள் இருந்த உத்தியோகத்தன் எங்கோ எழுந்து போய்விட்டான். 'என் மகள் மாநாடு முடிந்ததும் மட்டக்களப்புக்குத் திரும்புவாள் என்பதற்கு நானே பொறுப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். தம்பியின் பிள்ளை எனக்கு மகள். வேறு என்ன சொல்லால் எழுதுவது? நாலு தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். இது கண்ணில் படவில்லை.

நிராகரிப்பில் இரண்டு காரணங்கள் இருந்தன. தகப்பன் இறந்துவிட்டதாக விண்ணப்பம் சொல்கிறது. அழைப்பவரோ விண்ணப்பதாரியைத் தன் மகள் என்கிறார். ஆகவே தரப்பட்ட தகவல் நம்பத்தக்கதல்ல. இரண்டாவது, நெருங்கிய உறவினர் இங்கு நிரந்தரமாக வசிப்பதால் விண்ணப்பதாரி திரும்பிச் செல்வார் என்பது ஐயத்துக்குரியது. அதாவது, நான் இங்கே இருப்பதே அவள் போகமாட்டாள் என்பதற்கு அத்தாட்சி. இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நானும் மூன்று மாதம் நின்று பார்க்கத்தான் வந்தேன்.

மேன்முறையீடு செய்யலாம். வேலை நாட்களை எண்ணிப் பார்த்தேன். முடிவு வருவதற்குள் மாநாடு முடிந்து, மண்டபத்தைக் கூட்டி, அடுத்த மாநாட்டுக்கும் கொடுத்திருப்பார்கள்.

அன்று ஒரு பெண்ணை நினைத்தேன். கரடியனாற்றிலிருந்து வதிவிடச் சான்றுக்கு வந்தவள். செத்துப்போன தங்கச்சியின் மகனை வளர்த்தவள், உறவுமுறை என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதியிருந்தாள். பிறப்புச் சான்றில் தாயின் பெயர் வேறு. விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையால் 'உறவுமுறை முரண்' என்று எழுதித் திருப்பினேன். இரண்டு பஸ் மாறி மூன்று தரம் வந்தாள். மூன்றாம் தரம் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சிட புள்ள எனக்கு மகன் இல்லாம வேற என்னய்யா? ஒங்கட பேப்பருக்குத்தான் புள்ளயத் தெரியா" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விதி என்றால் விதி என்றேன். அந்தச் சிவப்பு மை இத்தனை வருடம் கழித்து, கடல் தாண்டி வந்து, என் கடிதத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

வர முடியாதவரின் போஸ்டரை வேறொருவர் தொங்கவிடலாம் என்று மாநாட்டுக்காரர்கள் தர்சிகாவுக்கு எழுதினார்கள். இங்கேயே அச்சடித்தேன். அதிகாரமளிப்புக் கடிதம் மூன்று பிரதி எடுத்தேன். பதினொரு பக்க விதிக்கோவையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அதை முழுதாக வாசித்தவன் அந்த மாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு வாரம் தர்சிகா தொலைபேசியில் எனக்கு வகுப்பு எடுத்தாள். கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளையும் பதில்களையும் பாடமாக்கினேன்.

"அவரு வந்தா ஒடன என்ன வீடியோ கோல்ல எடுங்க பெரியப்பா. நான் போனக் கையில வெச்சித்துத்தான் இருப்பன்."

"போஸ்டர் மண்டபத்துக்குள்ள கோல் எடுக்கேலாது. விதில இருக்கு."

"அதையெல்லாம் ஆரு பாக்கப் போறா?"

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் கடிதங்களைத் தொட்டும் பார்க்கவில்லை. தர்சிகாவுக்கென்று அச்சடித்து வைத்திருந்த, கழுத்தில் மாட்டும் அட்டையை நீட்டினாள். கடைசிப் பெயர் பெரிய எழுத்தில், முதற்பெயர் அதன் கீழே பொடியாக. ஆகவே அட்டையில் தூரத்திலிருந்து தெரிந்தது ஒரே பெயர்: பூபாலன். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மண்டபம் முழுக்க வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிள்ளை. முப்பது வயதைத் தாண்டியவர் அரிது. இடப்பக்கத்துப் பெண் புதுச் சப்பாத்து கடித்த குதிக்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். ஆள் வராத நேரமெல்லாம் தன் முதல் வசனத்தைப் பலகையிடம் சொல்லிப் பார்த்தாள். வலப்பக்கத்துப் பொடியன் யாருக்கோ வீடியோவில் மண்டபத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் விதியை அவனுக்குச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ஒருவர் மாறி ஒருவர் வந்து அட்டையைப் பார்த்து, என் நரையைப் பார்த்து, "டொக்டர் பூபாலன்" என்று கை கொடுத்தார்கள். முதல் ஆளைத் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். கையொப்பத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத என் தம்பிக்கு, அவனைக் கொன்ற தண்ணீரைப் பற்றிய பலகையின் முன்னால், ஒரு மத்தியானத்துக்குள் எட்டுப் பேர் பட்டம் கொடுத்தார்கள்.

பேராசிரியர் வந்தார். மெலிந்த, அவசரமில்லாத மனிதர். போஸ்டரை ஆறுதலாக வாசித்தார். முதலாவது கேள்வி பாடமாக்கிய ஐந்தில் ஒன்று; சொன்னேன். தலையசைத்தார். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்து, "இங்கே கொன்ட்ரோல் எது?" என்று கேட்டார். ஐந்தில் இது இல்லை. ஆனால் என் வாழ்நாள் முழுக்கப் புழங்கிய சொல். "நீர்ப்பாசனத் திணைக்களம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் இரக்கம் இருந்தது. அது எனக்கு உடனே பிடிபட்டது. நான் பலருக்குக் கொடுத்தது. "இந்த ஆய்வைச் செய்தவருடன் இப்போது பேச முடியுமா?" என்றார். சட்டைப்பையில் தொலைபேசி இருந்தது. ஒரு முறை சந்தேகம் விழுந்த பெயரில் இரண்டாவது மீறல் சேரக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. "மன்னிக்க வேண்டும், மண்டபத்துக்குள் அழைப்பு எடுக்க அனுமதியில்லை" என்றேன். "ஆமாம், நிச்சயமாக" என்று சிரித்துவிட்டு இடப்பக்கத்துப் பெண்ணிடம் போனார். அவள் முதல் வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். அரை மணித்தியாலம் பேசினார்கள். போகும்போது அவர் தன் அட்டையை அவளுக்குக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் நின்று தர்சிகாவை அழைத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"வந்தவரா பெரியப்பா?"

"ஓம் மகள், வந்தவரு."

"மறுகா? என்ன கேட்டவரு?"

"கொன்ட்ரோல் எதெண்டு கேட்டவரு. நான் நீர்ப்பாசனத் திணைக்களம் எண்டன்."

அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அது நின்றுபோயிற்று.

"மருந்து கலக்காத தண்ணியத்தான் கொன்ட்ரோல் எண்டுற பெரியப்பா. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. கரடியனாத்துக் கிணத்துத் தண்ணி. நீங்கதானே அந்தக் கிணத்தச் சொல்லித் தந்த."

நான்தான் சொன்னேன். கள வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கிணற்றில் அள்ளிக் குடித்திருக்கிறேன். அதை இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம்.

"என்னோட பேசோணும் எண்டு கேக்கல்லயா?"

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னவன் நான். "கேக்கல்ல" என்றேன்.

"சரி. நீங்க சாப்பிட்டயா?"

"சாப்பிட்டன்" என்றேன். அதுவும் பொய்.

ஐந்து மணிக்குள் பலகைகளைக் காலியாக்க வேண்டும் என்பதும் விதி. நாலரைக்கே கழற்றிச் சுருட்டிவிட்டேன். டிராமில் எதிரே இருந்த பெண் என் நெஞ்சைப் பார்த்த பிறகுதான் அட்டையைக் கழற்றாதது தெரிந்தது. கழற்ற மனம் வரவில்லை. வாசலில் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றேன். என் பெயர் மகனுடையது. அதன் கீழே அப்பா. நெஞ்சில் தம்பி. மகள் என்று எழுதினேனே, அவளுடைய பெயருக்கு மட்டும் அந்தப் பெட்டியில் இடமில்லை. சுருட்டிய போஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போகச் சாவியைத் தேடினேன்.