நானா கட்டிய தோரணம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கந்தோரில் ஒரு சாவு. செத்தவர் பத்தரை மணிக்கு நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பதறாதீர்கள்... முதலில் இருந்தே சொல்கிறேன்.

எங்களோடு வேலை செய்யும் பிலோமினா கத்தோலிக்கப் பெண். நத்தாருக்குக் கந்தோரில் ஒரு பாலன் குடில் வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம்தான் எங்கள் மேலதிகாரி செல்லையா தலையை ஆட்டினார்.

"எல்லாச் சமயத்துக்கும் சோடனை இருக்கவேணும். ஆருக்காவது மனக்குறை வந்துதோ, குடிலும் இல்லை, ஒண்டும் இல்லை!"

சொல்லிவிட்டுக் காய்ச்சலோடு லீவில் போய்விட்டார். பொறுப்பு என் தலையில்.

நான் சும்மா இருந்தேனா? ஒரு மேதாவி யோசனை சொன்னேன். அவரவர் சோடனையை அவரவர் செய்தால் அதில் என்ன புதுமை? ஆளுக்காள் மாற்றிச் செய்வோம்! பிலோமினா பௌத்தர்களுக்காக வெசாக் கூடு. பௌத்தரான சோமபாலா முஸ்லிம்களுக்காகப் பிறைநிலா. முஸ்லிமான ரவூப் நானா சைவர்களுக்காகக் குருத்தோலைத் தோரணம். சைவனான நான் — குடில்.

செவ்வாய் காலை எல்லாம் தயார். என் குடிலைப் பார்த்த பிலோமினா "ஐயோ!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன பிள்ளை, வடிவில்லையோ?"

"அண்ணை, பாலனை ஏன் இப்பவே வச்சனீங்கள்? நத்தார் ராத்திரிதானே பிறக்கிறவர்! இன்னும் மூண்டு நாள் கிடக்கு!"

அவசரமாகப் பாலனைத் தூக்கிப் பைல் அலுமாரிக்குள் வைத்தேன். அதற்கும் ஒரு "ஐயோ!" விழுந்தது.

அந்த நேரம் எதிர்த் தேநீர்க்கடை முதலாளி உள்ளே வந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"உங்கடை பெரிய ஐயாவுக்குக் காய்ச்சல் எண்டுதானே சொன்னீங்கள்... எப்ப முடிஞ்சது?"

"என்ன முடிஞ்சது?"

அவர் வாசலைக் காட்டினார். பார்த்தேன். நல்ல காரியம் என்றால் தோரணத்தில் மடித்த ஓலைக் குருவிகள் தலை நிமிர்ந்திருக்கும். சாவு வீட்டில்தான் தலைகீழாகத் தொங்கும். எங்கள் வாசலில் அத்தனை குருவியும் தலைகீழ்!

"நானா, இதை எங்கை பார்த்துக் கட்டினீங்கள்?"

"தம்பலகாமத்தில, கூட்டாளிட வீட்டில. நல்லா மனசில வச்சிருந்தன்."

"அங்கை என்ன விசேஷம்?"

ரவூப் நானா யோசித்தார். முகம் வெளிறியது. "கூட்டாளிட அப்பா... மௌத்தாப் போயிருந்தார்."

மற்றவர் சமயத்தை மதிக்க நல்ல மனம் போதும். சோடிக்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்கவும் வேண்டும். நான் கேட்டேனா? இல்லையே!

வெளியே பஸ் வந்து நின்றது. காய்ச்சல் மாறிச் செல்லையா இறங்கினார். தோரணத்தைப் பார்த்தார். தனக்காக அழக் காத்திருந்த கூட்டத்தையும் பார்த்தார். தேநீர்க்கடை முதலாளி எழுந்து பின்கதவைத் தேடினார்.

பிலோமினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருட ஆசை என் மேதாவித்தனத்தால் போகப் போகிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிழை என்ரைதான், சேர். உங்களுக்குப் பெரிய மனக்குறை..."

அவர் குடிலுக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளை எங்கை?"

"இன்னும் பிறக்கேல்லை, சேர். அலுமாரிக்குள்ள இருக்கிறார்."

அவ்வளவுதான். மனிதர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"குடில் இருக்கட்டும். செத்தவனுக்கு என்ன மனக்குறை?"