பிரேக் இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு வருகிறார்

காலை ஏழு மணிக்கு வந்த போலீஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மணலில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"ஏலே வேதமுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் மூணு மணிக்கு வாராரு. வண்டி ரெடியா இருக்கட்டும்."

"இங்கனயேவா ஏட்டையா?"

"பின்னே, ஸ்டேஷனுக்கு உருட்டிக்கிட்டா வரப்போற? அந்த ஆளு நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில போய்ச் சேந்துட்டான். இனிமே இது அடிபட்ட கேசு இல்ல."

சைக்கிள் திரும்பிப் போய்விட்டது. வேதமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே, உடைமரத்தடியில், லாரி முகம் நசுங்கி நின்றிருந்தது.

செத்துப்போனவர் சாத்தையா. உத்தரகோசமங்கைப் பக்கத்து மாட்டுவண்டிக்காரர். நான்கு நாளைக்கு முன்னால், வாலிநோக்கத்து உப்பை ஏற்றிக்கொண்டு வேதமுத்து இராமநாதபுரம் போகும்போது, கோயிலுக்குப் பிரிகிற விலக்கில் அவருடைய வைக்கோல் வண்டி ரோட்டில் ஏறியது. தூரம் இருந்தது. வேதமுத்து பிரேக்கை மிதித்தான். மிதிகட்டை தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, சேற்றில் கால் வைத்ததுபோல. கைபிரேக்கை இழுத்தான். கியரை இறக்கினான். எண்பது மூடை உப்பு பின்னாலிருந்து தள்ளியது. மாடுகள் பிழைத்தன.

பின்னால் வந்த காரை மறித்துச் சாத்தையாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவன்தான். அவருடைய மனைவி நாகலெட்சுமி அங்கே ஓடிவந்தாள். அழவில்லை. அவன் சட்டையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்யா நிப்பாட்டல?"

அந்தக் கேள்வி நான்கு நாளாகக் கூடவே இருந்தது.

ஸ்டேஷனில் எழுதும்போது மட்டும், பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னான். எழுதியவர் தலையை நிமிர்த்தாமல், "எல்லா டிரைவரும் அதத்தான் சொல்றான்" என்றார். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்று காகிதத்தில் ஏறிவிட்டது. அந்த ஸ்டேஷனில் ஜீப்பு நிற்கவே இடமில்லை. ஆகவே, வண்டியை எங்கும் எடுத்துப் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனிடமே விட்டார்கள். அவன் முதல் கியரிலேயே நடக்கவைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தான். ஆள் செத்துவிட்டால் இரண்டு வருஷம் உள்ளே என்று கோர்ட்டுப் பக்கம் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். லைசென்சு அதோடு போகும்.

வேதமுத்துவுக்கு அந்த லைசென்சைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. பதினாலு வயதுவரை அவன் அய்யா முயன்று பார்த்தார். "இவன் மீனுக்குச் சோறு போடத்தான் கடலுக்கு வாரான்" என்று கரையில் இறக்கிவிட்டார். சண்டை நடந்த காலத்தில் மண்டபம் முகாமில் மிலிட்டரி லாரிகளைக் கழுவப் போனான். கழுவியவன் ஓட்டக் கற்றான். சண்டை முடிந்து லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது கீழக்கரை ஹமீது சுல்தான் ஒரு செவர்லேயை எடுத்தார். லாரியோடு வேதமுத்துவும் சேர்ந்து வந்தான். இந்த 1958-ல் அதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் உப்புதான். ஈர மூடையிலிருந்து கசிகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சக்கரத்துக்குள் இறங்கும். இரும்பை அது தின்கிற வேகத்துக்கு மனிதன் ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் வேதமுத்து கொடுத்தான். வருஷத்துக்கு ஒருமுறை சர்டிபிகேட்டுக்காகப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு முதல்நாள் நாலு சக்கரத்தையும் கழற்றி, உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்புப் பெயின்ட் அடிப்பான். சக்கர நட்டுகளுக்குச் சிவப்பு. பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட வண்டி சர்டிபிகேட் இல்லாமல் திரும்பி வந்ததில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று காதில் விழுந்தால் அவன் கைக்கு ஒரே வேலைதான் தெரியும்.

வண்டி ரெடியா இருக்கட்டும் என்றுதானே சொன்னார்?

ஜாக்கியை எடுத்தான்.

மூன்று மணிக்குள் நாலு சக்கரம். மனைவி புஷ்பமேரி மண்ணெண்ணெய்ச் சட்டியைப் பிடித்தாள். வேதமுத்து கம்பி பிரஷால் தேய்த்தான், உப்புத்தாளால் தேய்த்தான், விரல்கணு தோல் உரிந்தது. துரு செதில் செதிலாக விழுந்து மணல் சிவந்தது. எதிரே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த செபஸ்தியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மேரி, வண்டிக்குக் கல்யாணமா? மையெல்லாம் பூசுறீக?"

"மாப்பிள்ளை மூணு மணிக்கு வாராரு மதினி. தாலி எங்க கழுத்துக்கு."

செபஸ்தியம்மாள் கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணிக்குள் மூன்று சக்கரம் முடிந்துவிட்டது. வெயிலில் டிரம்கள் பளபளத்தன. மிச்சம் இடது பின்சக்கரம். அதன் டிரம் வர மறுத்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினான். கழன்று வந்ததும், உள்ளே தேங்கியிருந்த பிரேக் எண்ணெய் அவன் மடியில் கொட்டியது. லைனிங்கெல்லாம் ஊறிப்போய் இருந்தது. மிதிகட்டையை மிதித்தால் எண்ணெய் வந்து தள்ளுகிற சின்ன சிலிண்டரைத் திறந்தான். எண்ணெய் கசியாமல் அடைத்து நிற்க வேண்டிய ரப்பர் வாஷர் கிழிந்து, மடங்கி, கையோடு வந்தது. ஒரு சக்கரத்தில் எண்ணெய் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. வாஷரைத் துடைத்தான். கறுப்பு போய் நீலம் தெரிந்தது.

புஷ்பமேரி சட்டியைக் கீழே வைத்தாள்.

"இங்கன காட்டுங்க."

அவன் கையை மூடினான். அவள் விரலைப் பிரித்து எடுத்தாள்.

"இது என் கொழும்புச் செருப்புல்ல?"

கொழும்பிலிருக்கும் அவள் அக்காள், கப்பலில் வந்த ஓர் ஆள் மூலம் கொடுத்துவிட்ட ரப்பர் செருப்பு. ஊரில் அப்படி ஒன்று அதற்குமுன் யார் காலிலும் இல்லை. அதில் ஒன்று காணாமல் போனபோது அவள் தெருவையே ஏசித் தீர்த்தாள். நாய் தூக்கிப்போயிருக்கும் என்றான் வேதமுத்து. தானும் கூடச் சேர்ந்து தேடினான்.

"பழைய வாஷர் போயிருச்சு மேரி. மொதலாளிட்ட மூணு தடவ சொன்னேன். மிலிட்டரி வண்டிக்கு மதுரையில சாமான் இல்லன்னுட்டாரு. வேற நல்ல ரப்பர் கெடைக்கல. அளவா வெட்டுனேன். பிடிச்சுச்சு. நல்லாத்தான் பிடிச்சுச்சு."

"நாய் தூக்கிருச்சுன்னீகளே."

"ஆமா."

"நாயி இங்கன உக்காந்து இருக்கு."

அவன் தலை குனிந்துகொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். புத்தம்புது வாஷர் நாலு. சாமான் இல்லாத மதுரையில் விபத்துக்கு மறுநாள் சாமான் கிடைத்திருந்தது. ஹமீது சுல்தான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். 'போட்டு வை' என்று மட்டும் செய்தி.

"இதப் போட்டா பிடிக்குமா?" என்றாள் புஷ்பமேரி.

"கிரீச்சுனு நிக்கும். எண்ணெய ஊத்திட்டு நீ மேல ஏறி மிதி. நான் கீழ குழாயில நிக்கிற காத்தை எடுத்துர்றேன். அரை மணி நேர வேலை."

"இன்ஸ்பெக்டர் மிதிச்சுப் பாத்தாலும் நிக்கும்?"

"நிக்கும்."

"அப்ப, இவ்வளவு நல்லா நிக்கிற வண்டிய அன்னைக்கி ஏன் நிப்பாட்டலன்னு கேப்பாரே. என்ன சொல்லுவீக?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த மூன்று டிரம்மையும் பார்த்தான்.

பன்னிரண்டு வருஷம் பிரேக் நன்றாக இருக்கிறது என்று காட்டியே பழகிவிட்டான். இன்று அவனைக் காப்பாற்றக்கூடியது கெட்டுப்போன பிரேக் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே சுரண்டிக் கழுவி மைபூசியிருக்கிறான்.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு முதல் டிரம்மிடம் ஓடினான். அழுத்தித் தேய்த்தான். பாதி காய்ந்த பெயின்ட் குழம்பி வழிந்தது. உள்ளே பழைய துருவா இருக்கிறது? பளிச்சென்று இரும்பு தெரிந்தது. கீழே கிடந்த துருவை அள்ளி அதன்மேல் அப்பினான். புஷ்பமேரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. இன்னும் கேவலமா இருக்கு."

"ரெண்டு வருசம் மேரி."

"தெரியும்."

"இந்தச் செருப்பக் காட்டுனாலும் நான்தான் வெட்டுனேன். புதுசப் போட்டாலும் நான்தான் ஓட்டுனேன். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் நிக்கிறேன்."

புது வாஷர்ப் பொட்டலம் அவன் கையில் இருந்தது. அரை மணி நேர வேலை. செருப்புத் துண்டைக் கடலில் எறிந்தால் அலை கொண்டுபோய்விடும். 'நிப்பாட்டத்தான் பாத்தேன், முடியல' என்று கோர்ட்டில் அழுதுகொள்ளலாம். ஏன் முடியவில்லை என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்பாள்.

பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். திறந்த சிலிண்டரைத் திறந்தபடியே விட்டான். நீலத் துண்டைத் துணியில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஜீப்பு இரண்டரைக்கே வந்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். வண்டியைச் சுற்றி வந்து, டிரம்மில் விரலை வைத்து எடுத்தார். விரல் கறுப்பாயிற்று.

"எவன்யா பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

"வண்டி ரெடியா இருக்கணும்னு..." வேதமுத்து போலீஸ்காரரைப் பார்த்தான். போலீஸ்காரர் கடலைப் பார்த்தார்.

"செத்தவன் கேசுல சாட்சியக் கழுவி மை பூசி வச்சிருக்கியே, உனக்குப் பைத்தியமா?"

"ஆமாய்யா" என்றான் வேதமுத்து. "நாலாவது அப்படியே இருக்குய்யா."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நீலத் துண்டை இரண்டு விரலால் எடுத்தார். முகம் இறுகியது.

"மூணைக் கழுவிட்டு, நாலாவதுல ஒரு செருப்புத் துண்டக் கிழிச்சுப் போட்டு, பிரேக் போச்சுன்னு கதை விடுற. இன்னைக்கிக் காலைல வெட்டுனியா?"

உள்ளதில் உண்மையானது அந்த ஒரு சக்கரம். பளபளக்கிற மூன்று சக்கரங்களும் சேர்ந்து அதைப் பொய்யாக்கிவிட்டன.

புஷ்பமேரி வீட்டுக்குள் ஓடினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தாள். "சோடி எங்க?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு, குதிகாலில் வட்டமாகத் துளை விழுந்த மற்றதை எடுத்தான்.

"இது காணாமப் போயி அஞ்சு மாசம்யா. தெருவையே கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செபஸ்தியம்மாள் கருவாட்டுக் கையோடு வந்து நின்றாள்.

"கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்கு மொத வாரம்யா. எடுத்தவன் கை அழுகிப்போகணும்னு என் வீட்டு வாசல்ல நின்னு ஏசுனா. நான்தான் எடுத்தேனாம்! திருநாளுக்கு வெறுங்காலோடதான் வள்ளம் ஏறுனா. இன்னைக்கி வரைக்கும் எனக்கும் அவளுக்கும் அரைப் பேச்சுதான்."

இன்ஸ்பெக்டர் துண்டைத் துளையில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் நுழையவில்லை. நகத்தால் ஓரத்தை அழுத்தினார். ஊறிய அப்பம்போல அமுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ணெயில ஊதிப் பருத்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் ஊறல் இல்ல இது." குரல் இறங்கியிருந்தது. "எவன் வெட்டுனது?"

"நான்தான்யா."

"மொதலாளி வெட்டச் சொன்னாரா?"

வேதமுத்து யோசித்தான். "சாமான் இல்ல, ஓடுற மட்டும் ஓடட்டும்னாரு. வெட்டுனது நான்."

"இத எழுதினா உனக்கு நல்லதுன்னு நெனைக்காத."

"நல்லது கெட்டது தெரியலய்யா. ஏன் நிக்கலன்னு எழுதுங்க. போதும்."

அவர் எழுதினார். இரண்டு செருப்பையும் துண்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். பெயின்ட் அடித்திருந்ததையும் எழுதினார்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பதில் அதிவேகம் நிற்கவில்லை. அஜாக்கிரதை நின்றது. செருப்பைப்பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஹமீது சுல்தான் சாட்சி சொன்னார். சொல்லும்போது கூண்டுப் பக்கம் திரும்பவில்லை. வேதமுத்துவுக்கு ஆறு மாதம். லைசென்சு ரத்து.

தீர்ப்பன்று நாகலெட்சுமி வந்திருந்தாள். மேசைமேல் சீட்டுக் கட்டி வைத்திருந்த நீலச் செருப்பையும், பக்கத்தில் கிடந்த காலணா அகலத் துண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனை வெளியே அழைத்துப்போகும்போது வழியில் எதிரே வந்தாள். இந்தத் தடவை சட்டையைப் பிடிக்கவில்லை.

"இம்புட்டுக்காணுதானாய்யா?" என்றாள்.

வேதமுத்து தலையசைத்தான். வெறுங்காலோடு பின்னால் வந்த புஷ்பமேரி, அவள் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.