துணிக் கிளிப்பில் மாட்டிய நாடி

என் இதயம் நான்கு விநாடி நின்றுபோனதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பதினோரு பேர் காதால் கேட்டார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தப் பத்தில் நானும் ஒருவன். சிரிக்காமல் நின்றவர் இமாஸ் ரோஹயாத்தி. இது அவரைப் பற்றியது.

நாங்கள் இந்தோனேசியாவின் பண்டுங்கில் சின்தசைசர் கட்டுகிறவர்கள். கடையில் கிடைக்கும் கீபோர்டைச் சொல்லவில்லை. சத்தத்தைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, அதை மழுக்கவோ கூராக்கவோ ஒரு பெட்டி, எப்போது ஒலிக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு போட இன்னொன்று. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எல்லாவற்றையும் நாங்களே சால்டரிங் செய்து, மரச்சட்டத்தில் வரிசையாக முடுக்கி, வயர் குத்தி இணைத்து வாசிப்போம். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிகினுடைய கடை மாடியில் கூடுவோம். கீழே பைக் கழுவுவார்கள், மேலே நாங்கள். கிகினுக்கு முப்பது வயது. வாய் நீளம், மனசு இளகல். நான் எங்கோஸ், ஆங்கோட் ஓட்டுகிறவன். லெடெங் ஸ்டாண்டிலிருந்து லெம்பாங் மலைக்குப் பதினான்கு பேரை ஏற்றிப்போகும் சின்ன வேன் அது. மேலே போவது இன்ஜினுக்குக் கஷ்டம், கீழே வருவது பிரேக்குக்குக் கஷ்டம்.

இமாஸுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. நாங்கள் எல்லோரும் அவரைத் தேத்தே என்போம், அக்கா என்கிற மாதிரி. அவர் என்னைக் காங் என்பார். நான் அவரைவிட ஐந்து வயது சின்னவன், ஆனாலும் ஆங்கோட்காரனை அண்ணன் என்று கூப்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

பத்தொன்பது வருஷம் அவர் ஒரு டிவி தொழிற்சாலையில் டெஸ்டிங் மேஜையில் உட்கார்ந்திருந்தவர். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு போர்டையும் மீட்டரால் தொட்டுப் பார்த்து, நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தார். கணவருக்குக் கலிமந்தான் தீவில் சுரங்க வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். சங்கீதத்துக்கும் தேத்தேவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எங்களிடம் அவர் வந்து சேர்ந்ததே ஒரு தற்செயல். சிக்காபுண்டுங் பழைய சாமான் கடைகளில் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒரு பல்சக்கரம் தேடிப் போயிருக்கிறார். அங்கே கிகின் மின்னலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செத்த சாமான் என்று கீழே வைத்தானாம்.

"செத்துப்போகல தம்பி. ஃபியூஸ் போயிருக்கு. எடுத்துக்கோ" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிகின் அவர் பின்னாலேயே போய்ப் பேர் கேட்டான்.

அடுத்த ஞாயிறு வந்தார். மூன்றாவது ஞாயிறு எங்கள் பெட்டிகளில் சிவப்பு டேப் ஒட்ட ஆரம்பித்தார். "இதுல சால்டர் ஒட்டவே இல்ல, சும்மா உக்காந்திருக்கு." "இந்த கெபாசிட்டர் தலைகீழா இருக்கு, வெடிச்சா மீசை போயிடும்." எனக்கு ஒரே நாளில் நான்கு சிவப்பு டேப் கிடைத்தது. கோபம் வந்தது. நான்கையும் பிரித்துப் பார்த்தால் நான்கும் தப்பு.

நாலு வருஷம் அடுத்தவர் பெட்டிகளையே சோதித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சொந்தமாக ஒன்று கொண்டுவந்தார். முகப்புத் தகட்டில் ஒரு விளக்கு, ஒரு திருகு. அதிலிருந்து நீண்ட வயரின் நுனியில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப். கிளிப்புக்குள் ஒரு குட்டி விளக்கும் ஒளியை உணரும் சில்லும் பதித்திருந்தார். விரலை மாட்டினால், ரத்தம் ஓடும் ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்டி ஒரு உத்தரவு போடும். அதைச் சத்தப் பெட்டிக்குக் கொடுத்தால் மத்தளத்தில் தட்டியது மாதிரி ஒரு "தும்".

"எனக்குத் தாளம் வராது. அதான் உள்ள ஏற்கெனவே ஓடிட்டிருக்கறத எடுத்துக்கிட்டேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. வரிசை கட்டி விரலை நீட்டினோம். கிகினுக்குத் தும்தும்தும் என்று ஓடியது. மூன்று காபி குடித்திருந்தான். "யாரு துரத்துறாங்க உன்ன? பொண்டாட்டியா?" என்று ஒருவன் கத்தினான். தட்டில் பொரித்த சீரெங் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

என் முறை. விரலை மாட்டினேன். தும். வெகுநேரம் கழித்து இன்னொரு தும்.

"ஆகா, சாமியார்டா இவரு!" என்றான் கிகின். "பாருங்க, எவ்வளவு நிதானம்!"

எனக்குப் பெருமையாக இருந்தது. தும். தும். அப்புறம் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் ஸ்பீக்கரையே பார்த்தோம். கீழே தண்ணீர் பீச்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று யாரோ விரலை மடக்கி எண்ணினார்கள். தும்.

மாடியே சிரித்தது. "செத்துப் பொழச்சுட்டாருப்பா!" என்று கைதட்டினார்கள். கிகின் ஓடிப்போய்ச் சிவப்பு டேப்பை எடுத்துவந்தான். "தேத்தே, இத்தன வருஷமா எங்களுக்கு ஒட்டினீங்களே, இப்ப உங்க மெஷினுக்கு நான் ஒட்டறேன்!"

"இரு" என்றார் இமாஸ்.

என் விரலைத் துடைத்துவிட்டு வேறு விரலில் மாட்டினார். அதே மாதிரி. காது மடலில் மாட்டினார். அதே மாதிரி. பவர் சப்ளையை மாற்றினார், வயரை மாற்றினார். தன் விரலில் மாட்டினார், ஒழுங்காக ஓடியது. கிகின் விரலில் மாட்டினார், ஒழுங்காக ஓடியது. மறுபடி என் விரல். இதற்குள் மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போனது. தேத்தே மட்டும் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் இன்னொரு மணிக்கட்டைத் தன் விரல்களால் பிடித்துக்கொண்டு, துடிப்புக்குத் துடிப்பு மினுக்கும் பெட்டி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு நின்றது. அவர் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தின. விளக்கு மறுபடி எரிந்த அதே கணத்தில் அவர் விரல்கள் துள்ளின.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. 

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "காங், உங்களுக்கு மயக்கம் வருமா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க."

எப்படித் தெரிந்ததோ. மனைவிக்குக்கூடச் சொல்லாததை அந்த இடத்தில் சொன்னேன். இரண்டு முறை. ஒரு முறை குளியலறையில். இன்னொரு முறை லெடெங் ஸ்டாண்டில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே; கண்ணைத் திறந்தபோது நெற்றி ஸ்டியரிங்கில் இருந்தது. சாப்பிடாமல் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

இமாஸ் எழுந்தார். மேஜைமேல் கிடந்த என் வண்டிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றீங்க? அஞ்சு மணிக்கு எனக்கு டிரிப் இருக்கு!"

"இன்னிக்கு நீங்க ஓட்டப் போறதில்ல."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. நான் டெஸ்டிங்" என்றார். "ரிப்பேர் பண்றது வேற ஆளு. அங்க போலாம், எந்திரிங்க."

கத்தினேன். துணி மாட்டுகிற கிளிப்பை நம்பி ஒருத்தன் பிழைப்பைக் கெடுப்பீர்களா என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரி என்றும் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் நாக்கு கூசுகிறது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கிகின்தான் தன் பைக்கை எடுத்தான். அவன் ஓட்ட, நான் நடுவில், மயங்கினால் பிடித்துக்கொள்ளத் தேத்தே பின்னால். மூன்று பேராக மருத்துவமனைக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ். சின்தசைசரில் இதயம் நின்றது என்று கிகின் விளக்க விளக்க, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் என் மார்பில் ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டினாள். காகிதம் ஓடியது. சிரிப்பு நின்றது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். அதைப் பார்த்ததும் கிகின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெண் டாக்டர் ஒருவர் வந்தார். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் உத்தரவு வழியிலேயே தொலைந்துபோகிறது என்றார்.

"நடுவுல கனெக்‌ஷன் விட்டுப்போச்சு" என்றார் இமாஸ்.

"கிட்டத்தட்ட அதான்மா." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆங்கோட். லெம்பாங் ரூட்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "இன்னிக்குக் காலைல ஓட்டினீங்களா?"

ஓட்டியிருந்தேன். மலை இறக்கத்தில், ஒரு கல்யாண கோஷ்டியை முழுசாக ஏற்றிக்கொண்டு. முன் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. அந்த இழுப்பு அப்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மறுபடி என் கையில் தெரிந்தது. அந்த இடத்தை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். சாவைப் பற்றிய பயம் இல்லை அது. அந்தப் பதினான்கு பேர் இறங்கும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, தோளுக்குக் கீழே. எத்தனை வோல்ட் என்று இமாஸ் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் கிகின் சும்மா இருப்பானா? பெட்டியைப் படம் எடுத்து, "இது ஒரு உயிரைக் காப்பாற்றியது" என்று இணையத்தில் போட்டுவிட்டான். மறுநாளே ஜெராக்ஸ் கடை வாசலில் ஆட்கள். மாமனாரைக் கூட்டிக்கொண்டு ஒருவர், படபடப்பு என்று ஒரு வாத்தியார். தேத்தே எல்லோரையும் திருப்பி அனுப்பினார். பக்கத்துச் சந்தில் காய்கறி விற்கும் சிச்சி என்கிற அம்மாவை மட்டும் அனுப்ப முடியவில்லை. நெஞ்சில் அடைக்கிறது, ஒரே ஒரு தடவை பார் என்று கெஞ்சியிருக்கிறாள். தெரிந்தவள். மாட்டிப் பார்த்தார். கடிகாரம் மாதிரி ஓடியது.

"அப்பாடா!" என்று அந்த அம்மா எழுந்தாள். "செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. இனி எதுக்கு? அதான் நீ பாத்துட்டியே!"

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.  தேத்தே செருப்பில்லாமல் சந்து முழுக்க ஓடி, நடுத்தெருவில் அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு, "போய்த்தான் ஆகணும், செவ்வாக்கிழம போய்த்தான் ஆகணும்" என்று அழுதாராம். செவ்வாய் அன்று கடையைப் பூட்டிவிட்டுத் தானே கூட்டிக்கொண்டு போனார். துடிப்பில் கோளாறு இல்லை. ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. மாத்திரையில் ஆரம்பித்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு நான் மாடிக்கு வந்தேன், மெல்லப் படியேறி. தேத்தே சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். பெட்டி எதிரே கவிழ்ந்து கிடந்தது. ஏதோ புதிதாகச் சேர்க்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் சில்லை உருவினார். ஒவ்வொரு ரெசிஸ்டராகக் கழற்றித் தட்டில் போட்டார். எங்களுக்குப் புரிந்தபோது பாதி முடிந்திருந்தது.

"தேத்தே! என்ன பண்றீங்க!" கிகின் குரல் உடைந்தது. "ஒரு உயிரக் காப்பாத்தின பெட்டி அது!"

"அது தப்புன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடலாம்டா. சரின்னு சொன்னா நம்பக்கூடாது. ஆனா ஜனங்க சரிங்கறதத்தான் நம்பறாங்க." அவர் நிமிரவில்லை. "பத்தொம்பது வருஷம் பச்ச ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒட்டினா அதுக்கு நான் பொறுப்பு. மனுஷனுக்கு ஒட்ட என்னால முடியாது."

நான் தடுக்க நினைத்தேன். என்னைப் பிழைக்கவைத்த ஒன்று கண்ணெதிரே துண்டு துண்டாகிறது. ஆனால் ஒரே தொடலில் கழற்றுகிறவர், ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை அயர்னை வைத்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.  தட்டிலிருந்த சாமான்களை எங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். ஒருவனும் அவற்றை எந்தப் பெட்டியிலும் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார், எனக்குத்தான் மனசு வரவில்லை. லெடெங் ஸ்டாண்டில் வண்டிகளை வரிசைப்படி அனுப்புகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேஸ்மேக்கரைச் சோதிக்கப் போக வேண்டும். தேத்தே கூடவே வருவார், வேண்டாம் என்றாலும் வருவார். போன தடவை டெக்னீஷியன் என் மார்புமேல் கருவியை வைத்து, திரையைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

"தம்பி" என்றார் இமாஸ், "இந்தக் கருவிய யாரு டெஸ்ட் பண்றாங்க?"

அவன் முதலில் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் உள்ளே போய், கருவியைச் சோதித்த தேதிகள் எழுதிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.