எல்லம்மா கிணற்றின் கெட்ட பேர்

பூர்வீக நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்கும் வீட்டு மனைகளுக்கும் போன பிறகு, கள்ளிக்குப்பத்தில் எல்லம்மாவுக்கு மிஞ்சியது ஓர் ஓட்டு வீடும் பின்கட்டில் ஒரு கிணறும். தெருவுக்கே அந்தத் தண்ணீர்தான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச முதல் குடம் அவள் கையால் இறைத்ததாக இருக்க வேண்டும் என்பது மாமனார் காலத்து வழக்கம். புருஷன் போய்ச் சேர்ந்தான். மகன் வேலைக்கென்று ஓசூரோடு போனான். தெருவில் அவளுக்கென்று இருந்த மரியாதை அந்த ஒரு குடம்தான். முட்டி வலியோடு அதை விடாமல் சுமந்துகொண்டிருந்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடையில் கஸ்தூரி என்ற கல்லூரி ஆசிரியை வந்தாள். முலாம் பூசுகிற பட்டறைகளின் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணறுகளில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மருந்து தோய்த்த காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, அட்டைப் பெட்டிக்குள் இருந்த ஊதா விளக்கின் அடியில் வைப்பாள். நல்ல தண்ணீர் என்றால் காகிதம் பச்சையாக ஒளிரும். விஷ உலோகம் இருந்தால் சிவக்கும். மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து, ஊரில் கிணறு வைத்திருப்பவர்களை எல்லாம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

மற்றவர்கள் கைக்குக் கிடைத்த பாட்டிலில் கொண்டுபோனார்கள். எல்லம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. படித்த பொம்பளையிடம் பிளாஸ்டிக் டப்பாவையா நீட்டுவது? பரணிலிருந்த செம்புச் சொம்பை இறக்கி, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, அவசரத்தில் லேசாக அலசி, தளும்பத் தளும்ப எடுத்துப் போனாள். காகிதம் குங்குமமாய்ச் சிவந்தது.

மறுவாரமே பஞ்சாயத்து ஆள் வந்து கிணற்றுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுப் போனான். தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. எதிர்வீட்டு நாகம்மாள் வாசலில் நின்று கேட்டேவிட்டாள்: "பச்சக் கொயந்தைக்கு எல்லாம் இத்தத்தானே ஊத்திக்கினு இருந்தே?" எல்லம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே போய் அழுதாள். அழுது முடித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசையில் நின்றாள்.

ஆனி மாதம் கஸ்தூரி திரும்ப வந்தாள். கூழ் ஊற்றும் பொறுப்பை ஏற்றிருந்த பரந்தாமன்தான் வாளி விட்டு இறைத்தான். கஸ்தூரி தன் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காகிதத்தை நனைத்தாள். பச்சை. இன்னொன்றை நனைத்தாள். அதுவும் பச்சை.

"போன தடவை எதுலம்மா கொண்டுவந்தீங்க?"

எல்லம்மா சொம்பைக் காட்டினாள்.

"புளி போட்டுத் தேய்ச்சீங்களா? புளிப்புல செம்பு கரைஞ்சிருக்கும்மா, காகிதம் அதைத்தான் காட்டியிருக்கு. பாத்திரத்தை விசாரிக்காம விட்டது என் தப்பு. நாளைக்கே எழுதிக் குடுத்துக் குறியை அழிக்கச் சொல்றேன்."

எல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. பரந்தாமன்தான் குறுக்கே வந்தான்.

"யக்கா, அவசரப்படாதே. கெணறு நல்லாகீதுன்னா லாரிய நிறுத்திடுவான். சித்திரைல உன் கெணறு வத்திப் பூட்டா தெரு எங்க போவும்? தெருவுக்குப் பைப்புத் தண்ணி வர்ற வரைக்கும் வாய மூடிக்கினு இரு. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய்யென்றால் சண்டை போடலாம். கஸ்தூரியின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் போவட்டும்மா" என்றாள். கஸ்தூரிக்கு அரைமனசுதான். "நீங்க சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று பெட்டியைக் கட்டினாள். பைப்பு எப்போது வரும் என்று அந்த மாரியம்மனுக்கே தெரியாது.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ். அன்றைக்குப் பார்த்து லாரி வரவில்லை. அடுப்பு மூட்டியாயிற்று, அண்டா காலி. பரந்தாமன் பின்வாசல் வழியாக வந்தான்.

"யக்கா, அம்மனுக்கு."

எல்லம்மா எழுந்து வாளியை எடுத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் குடத்தை அவளே இறைத்தாள். மீதியை அவன் இறைத்தான். குடங்களை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, பக்கத்துத் தெருவைச் சுற்றி எடுத்துப் போனான். நேற்றைய லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டானாம்.

உச்சிவேளையில் தூக்குவாளியோடு எல்லம்மாவும் கூழ் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற நாகம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு சப்புக்கொட்டினாள்.

"இன்னா ருசி பாரு! உன் கெணத்துத் தண்ணில இத்தினி வருசம் இப்பிடி வந்துச்சா? எல்லாம் லாரித் தண்ணிதான். இன்னா சொல்றே?"

அண்டாவுக்குப் பின்னால் பரந்தாமனின் அகப்பை அந்தரத்தில் நின்றது. உண்மை எல்லம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் லாரி நின்றுவிடும்.

"ஆமாண்டி, லாரித் தண்ணிதான்" என்று சொல்லித் தூக்கை நீட்டினாள்.