அஞ்சலை மகளும் ஊராட்சி டிவியும்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தை என் மடியில் உட்கார்ந்து அதன் அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனுக்குள் ஒரு முயல், "வாழைப்பழம் என்ன நிறம்?" என்று கேட்டது. குழந்தை "மஞ்ச" என்றது. "சூப்பர்!" என்று முயல் குதித்தது. நான் சும்மா இருக்க வேண்டியதுதானே? அடுத்த கேள்விக்கு முந்திக்கொண்டு, வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அதற்கும் "சூப்பர்!" என்றது முயல். குழந்தை என்னை முறைத்தது. அதுக்குக் காது கேட்காதுடி தங்கம் என்று சொல்ல வாயெடுத்தவள் விட்டுவிட்டேன். இதே விஷயத்தை ஒரு ஊருக்கே சொல்லிப் பார்த்துத் தோற்றவள் நான்.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்த காலம் அது. சத்துணவு வந்த புதிது. ஊராட்சி ரேடியோ ரூமில் அரசாங்கம் ஒரு கறுப்பு வெள்ளை டிவியை வைத்திருந்தது. சுவிட்சைப் போட்டால் முதலில் படம் வராது, சூடான தூசி வாசனைதான் வரும். இஸ்திரிப் பெட்டியை ரொம்ப நாள் கழித்து எடுத்துப் போட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வருகிறது. கூரைமேல் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். "வருதா?" "வரல!" "இப்ப?" "இப்ப மழை பெய்யுதுண்ணே!"

வாரம் ஒருநாள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி. கூட்டிக்கொண்டு போவது என் வேலை. பால்வாடிக்குச் சாப்பிட வந்ததெல்லாம் காலனிப் பிள்ளைகள், அதாவது வயலில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். நிலம் வைத்திருந்த குடியானத் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுவதா, அதெப்படி? ஆனால் டிவி என்றால் அந்தப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் ஓடிவந்துவிடும். இருந்தது ஒரே பாய். முண்டியடித்து உட்காரும்.

நிகழ்ச்சியில் ஒரு அக்கா வருவாள். கேள்வி கேட்டுவிட்டுக் காதில் கைவைத்துக் கொஞ்சம் காத்திருப்பாள். பிறகு, "ரொம்ப சரியாச் சொன்னீங்க!" என்று கைதட்டுவாள். தாங்கள் சொல்வது அவளுக்குக் கேட்கிறது என்று பிள்ளைகள் சத்தியமாக நம்பினார்கள். நான் கெஞ்சினாலும் பேர் சொல்லாததுகள் அங்கே தொண்டை கிழியக் கத்தும். எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். அஞ்சலை மகள் மல்லிகா அதில் ஒருத்தி. நாலு வயது. பால்வாடியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவே வராதோ என்று அஞ்சலை கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை டிவி அக்காவிடம் மட்டும் பேசும்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு. காலனியில் கூலியைக் கூட்டிக் கேட்டு வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், காலனிக்காரர்கள் வழிமறித்தார்கள், போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது. இந்த லட்சணத்தில் ஒருநாள் டிவி அக்கா, "நாம சாப்பிடுற நெல்லை விளைய வைக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா!" என்று கத்தினாள் மல்லிகா.

"இல்ல, எங்க தாத்தா!" என்றான் பக்கத்தில் ராசு. அவன் ஊராட்சித் தலைவரின் பேரன். ஊர் நிலத்தில் பாதி அவர்களுடையது.

"ரொம்ப சரியாச் சொன்னீங்க!" என்றாள் அக்கா. உடனே படத்தில் வரிசையாகப் பெண்கள் குனிந்து நாற்று நட்டார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது. மல்லிகா எழுந்து ஆடினாள். ராசு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

பொழுது சாய்வதற்குள் ஊர் பற்றிக்கொண்டது. "டிவியிலயே சொல்லிட்டாங்களாம், கவர்மெண்டு நம்ம பக்கம்தான்" என்று காலனியில் ஒரே குஷி. "செங்கொடிக்காரன் பொட்டிக்குள்ளயும் பூந்துட்டானா?" என்றது குடியானத் தெரு. மறுநாள் தலைவரே பால்வாடி வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா டீச்சர், பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா. டிவி கேட்டுச்சு, அது சொல்லிச்சு. டிவிக்கு நம்ம பேச்சு கேக்காதுங்க."

"கேக்காமத்தான் சரின்னு சொல்லுச்சா? அந்த டிவிக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"கவர்மெண்டுங்க."

மனுஷர் ஆளுங்கட்சிக்காரர். மென்று முழுங்கினார். "அந்தப் பொண்ண இனிமே உள்ள உடாதீங்க. சன்னலுக்கு வெளிய நின்னு பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சலைக்குச் சேதி போய், அவள் ஓடிவந்தாள். "வேலைக்குப் போவாம வயிறு காயுது டீச்சரு. அது கெடக்கட்டும். எம் பொண்ணு வாயத் தொறக்குறது அந்தப் பொட்டி முன்னாடி மட்டுந்தான். வெளிய நிறுத்திடாதீங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரம் மல்லிகாவை அதே பாயில்தான் உட்காரவைத்தேன். துணிச்சலெல்லாம் இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் வாசலில் வந்து நின்றார். பாயைப் பார்த்தார். ராசு அவர் வந்ததைக்கூடக் கவனிக்காமல் மல்லிகாவோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். தலைவர் திரும்பிப் போனார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து அவர் வீட்டுக்குப் புது டிவி வந்து இறங்கியது. கோயில் கோபுரத்துக்குப் போட்டியாக மாடியில் ஆன்டெனா. குடியானத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் அங்கே போய்விட்டன. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துத் தகராறும் முடிந்தது. ரேடியோ ரூமில் தாராளமாக இடம். அக்கா ஏதோ கேட்டாள், மல்லிகா கத்திப் பதில் சொல்லிவிட்டு, மறுத்துப் பேச ஆளைத் தேடிப் பக்கத்தில் பார்த்தாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ராசு எங்க டீச்சர்?"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பின்னால் வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்தது, ரேடியோ ரூமை இடித்துவிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஊரில்தான் இருந்தேன். அந்த இரண்டு தெருப் பிள்ளைகளும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டு நான் பார்க்கவில்லை.